பச்சிளம் குழந்தைக்கு வீண் அலைச்சல் என்று ஒன்றில்லை

கடந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்த ஓர் இரவு. மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஓர் ஆட்டோவில் இளம் பெற்றோரும் ஒரு பாட்டியும், பிறந்து பதினோரு நாளேயான பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நம் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். (அவர்களை யாரும் அடையாளம் காண இயலாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) குழந்தை தூங்கும்போது சில கணங்கள் மூச்சு விடாமல் நின்றுவிடுகிறாள், பிறகு வேகவேகமாக மூச்சு விடுகிறாள் என்றார் தாய். இரண்டு இரவாக அதைப் பார்த்துக்கொண்டே உறங்காமல் இருந்திருக்கிறார்.

குழந்தையை வெப்ப விளக்கின் கீழ்க் கிடத்தி, எடை பார்த்து, பாதத்தில் ஆக்சிஜன் அளவிடும் பட்டையைச் சுற்றி, குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவையும் பார்த்தோம். தாய்ப்பால் கொடுக்கச் சொல்லிக் கவனித்தோம். குழந்தை நன்றாகவே குடித்தாள். பிறந்த முதல் சில வாரங்களில் மூச்சு இப்படித்தான் இருக்கும். ஐந்தாறு வினாடி நிற்கும், பின்னர் விரைவாக ஓடும், பின்னர் சீராகும். உடல் நிறம் மாறாமல் இருந்தால் அச்சம் இல்லை. மூன்று மணி அளவில், வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னேன்.

தந்தை கைகூப்பினார். "சும்மா வந்து உங்க தூக்கத்தையும் கெடுத்துட்டோம் டாக்டரம்மா, மன்னிச்சிடுங்க" என்றார். பாட்டி தன் பங்குக்கு மருமகளைப் பார்த்து, "நான்தான் சொன்னேனே, ஒண்ணுமில்லைன்னு" என்றார். அந்தப் பெண் தலைகுனிந்து நின்றார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தத் தலைகுனிவுதான்.

ஏனெனில் அதே தலைகுனிவை நானே ஒரு தாய்க்குத் தந்திருக்கிறேன். ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில், வேறோர் ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தேன். அன்று அது என் பன்னிரண்டாவது நோயாளியோ பதிமூன்றாவதோ. ஆறு நாள் ஆண் குழந்தை. ஓயாத விக்கலும் தும்மலும் என்று அழைத்து வந்திருந்தார்கள். பார்த்தவுடனேயே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. "விக்கலுக்கெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு வருவாங்களாம்மா? காலையில ஓ.பி.க்கு வரக்கூடாதா?" என்று கேட்டேன். உரக்கக்கூடச் சொல்லவில்லை. சலிப்போடு சொன்னேன், அவ்வளவுதான். அவர் பதில் பேசாமல் குழந்தையை எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து, காலை எட்டேகால் மணிக்கு, புறநோயாளிப் பிரிவின் வரிசையில் கையில் டோக்கனுடன் அதே தாய் நின்றிருந்தார். தோளில் கிடந்த குழந்தை சாம்பல் பூத்த நிறத்தில் இருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. முந்தைய நாள் மாலையிலிருந்தே பால் குடிக்கவில்லை என்றார். இரவு பத்து மணிக்கே புறப்படலாம் என்று நினைத்ததாகவும் சொன்னார். பிறகு ஏன் வரவில்லை என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "நீங்கதானே டாக்டரம்மா காலையில வரச் சொன்னீங்க."

இரத்தத்தில் கிருமித்தொற்று. அன்று மாலையே குழந்தை இறந்துவிட்டது. பத்து மணிக்கே வந்திருந்தால் உறுதியாகப் பிழைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பத்து மணி நேரத்தைக் குழந்தையிடமிருந்து பறித்தது என் ஒரு வாக்கியம். அதில் எனக்கு இன்றுவரை ஐயமில்லை.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பிறந்து இருபத்தெட்டு நாள் முடியாத குழந்தையை ஐயத்தின் பேரில் நள்ளிரவில் தூக்கிக்கொண்டு வந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்து திரும்பிப் போகும் பெற்றோர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்களை மன்னிப்புக் கேட்க வைக்கும் மருத்துவமனைதான் தவறு செய்கிறது. அத்தகைய வருகையால் எங்களுக்குச் செலவாவது அரைமணி நேரம். வராமல் போவதால் ஆகும் செலவை யாரும் ஈடுசெய்ய இயலாது.

இதை இரக்கத்தினால் சொல்லவில்லை. மருத்துவக் காரணம் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நோய் வந்தால் எங்கே வலிக்கிறது என்று காட்டும். ஆறு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கும். பச்சிளம் குழந்தையிடம் இத்தகைய அடையாளங்கள் இல்லை. கிருமித்தொற்றானாலும், இரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும், பிறவியிலேயே இதயத்தில் குறை இருந்தாலும், மூளையில் இரத்தம் கசிந்தாலும், வெளியே தெரிவது பெரும்பாலும் ஒன்றுதான்: குழந்தை சரியாகப் பால் குடிக்காது, சோர்ந்து கிடக்கும். அது எந்த நோய் என்பதைப் பல ஆண்டு அனுபவமுள்ள மருத்துவரும் கண்ணால் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. சோதனை செய்துதான் அறிகிறோம். நாங்களே சோதித்துத்தான் அறிவோம் என்னும்போது, நோய்தானா என்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு வரும்படி பெற்றோரிடம் எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

2008இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கானா, தென்னாப்பிரிக்கா, பொலிவியா ஆகிய ஆறு நாடுகளில் இரண்டு மாதத்திற்கு உட்பட்ட நோயுற்ற குழந்தைகளைப் பார்த்து, எந்த அடையாளங்கள் இருந்தால் மருத்துவமனையில் சேர்த்தே ஆகவேண்டும் என்று ஆராய்ந்தார்கள். முதல் வாரக் குழந்தைகளுக்கு ஏழு அடையாளங்கள் தேறின. பால் குடிக்கச் சிரமப்படுதல், வலிப்பு, தொட்டுத் தூண்டினால் மட்டுமே அசைதல், நிமிடத்திற்கு அறுபதோ அதற்கு மேலோ மூச்சு விடுதல், மூச்சு விடும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிதல், உடல் சூடு 37.5 டிகிரி செல்சியஸை எட்டுதல் அல்லது தாண்டுதல் (நம் வீட்டு வெப்பமானியில் 99.5), 35.5 டிகிரிக்குக் கீழே இறங்குதல் (ஏறத்தாழ 96). இவற்றுள் ஒன்று இருந்தாலும் போதும். இவற்றோடு, பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் காணுதல், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல், பச்சை நிறத்தில் வாந்தி, தொப்புளைச் சுற்றிச் சிவத்தல் ஆகியவற்றையும் நான் சேர்த்துச் சொல்வேன்.

காய்ச்சலுக்கு இணையாகக் குளிர்ச்சியும் அந்த ஏழில் இருப்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் உடம்பு சுட்டால் பதறுகிறோம். சில்லென்றிருந்தால், மழைக்காலம்தானே என்று இன்னொரு துணியைச் சுற்றிவிடுகிறோம். புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் இளஞ்சூடாக இருக்க வேண்டும். பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் உடனே தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துச் சூடேற்றுங்கள். வயிறும் குளிர்ந்திருந்தால் அணைத்தபடியே புறப்படுங்கள்.

நெசவாளர் வீடுகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதன் அருகிலேயே தூளி தொங்குகிறது. கணவனும் மனைவியும் அமர்ந்து உழைத்தாலும் ஒரு பட்டுச் சேலை முடியப் பல நாள் ஆகும். சேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. அந்த வீட்டில் அழாமல் தூங்கும் குழந்தை எல்லோருக்கும் பெரிய ஆறுதல். "தறிச் சத்தம் கேட்டா போதும், எழுந்திருக்கவே மாட்டான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பல குழந்தைகள் அப்படித்தான் சுகமாகத் தூங்குகின்றன. ஆனால், அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் அழாத குழந்தையைத் தூங்கட்டும் என்று விட்டுவிடுவதும் அங்கேதான் நடக்கிறது. என் அனுபவத்தில், பச்சிளம் குழந்தையின் அழுகையைவிட அதன் அமைதியே என்னை அதிகம் அச்சுறுத்தியிருக்கிறது. தூங்கும் பிள்ளையை எழுப்பக் கூடாது என்பது வளர்ந்த பிள்ளைக்குப் பொருந்தும். பிறந்து சில நாளேயான குழந்தை இரண்டு மூன்று மணிக்கொரு முறை பால் குடிக்க வேண்டும். பாதத்தைச் சுண்டி எழுப்பியும் அடுத்தடுத்து இரண்டு வேளை குடிக்கவில்லை என்றால் மூன்றாவது வேளைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். செவ்வாப்பு, மாந்தம், உரம் விழுந்தது, தொக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் பாட்டிமார்களிடம் பெயர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. இவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. குழந்தையிடம் ஏதோ மாறியிருக்கிறது என்பதை முதலில் கண்டுகொள்பவர் பல வீடுகளில் பாட்டிதான். சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, பலன் தெரிகிறதா என்று பார்ப்பதில் ஒரு பகல் போய்விடுகிறது. குழந்தைக்குத் தொண்டையில் சிக்கல் என்று குழல் வைத்து ஊதித் தொக்கம் எடுத்த பின், நுரையீரலில் தொற்றோடு வந்த குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன். தீட்டுக் கழியாமல் வாசற்படி தாண்டலாமா என்ற தயக்கம் வேறு. தாய்வீட்டில் பிரசவம் ஆன பெண்ணாக இருந்தால், கணவன் வீட்டாருக்குத் தகவல் சொல்லி அவர்கள் சம்மதம் வந்த பிறகே புறப்படுகிறார்கள்.

கொடுத்ததை எங்களிடம் மறைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஏன் மறைக்கிறார்கள்? திட்டுவோம் என்ற பயத்தினால். இந்தப் பழியும் எங்களையே சேரும். எது கொடுத்திருந்தாலும், எவ்வளவு கொடுத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்கு அது தேவைப்படும் தகவல். அதற்காக இங்கே யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். கடிந்துகொண்டால் என் பெயரைச் சொல்லி என்னிடம் வாருங்கள்.

படிக்காதவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று என் துறையைச் சேர்ந்தவர்களே சில சமயம் கேட்பதுண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் இதற்கு விடை கண்டார்கள். சில வகுப்புகளே படித்த கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். மூச்சை எண்ணவும், உடல் சூட்டைப் பார்க்கவும், கிருமித்தொற்றின் அடையாளங்களைக் கண்டுகொள்ளவும் அந்தப் பெண்கள் கற்றார்கள். 1999இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, அந்தக் கிராமங்களில் பச்சிளம் குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. இந்திய அரசு 2011இல் கொண்டுவந்த, பிறந்த குழந்தையை வீட்டிற்கே சென்று பார்க்கும் திட்டத்திற்கு இந்த அனுபவம் ஓர் அடித்தளம். கிராமத்துப் பெண் கற்றுக்கொள்ள முடிந்ததை, பத்து மாதம் சுமந்து இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும் தாய் கற்றுக்கொள்ள முடியாதா?

தமிழ்நாடு இதில் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. மாதிரிப் பதிவுமுறையின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் இருபத்தெட்டு நாளுக்குள் இறப்பவை இந்திய அளவில் 20, தமிழ்நாட்டில் 9. அந்த ஒன்பதில் ஒரு பகுதி எந்த மருத்துவமனையாலும் தடுக்க முடியாதது. மற்றொரு பகுதி, வழியிலும் வாசலிலும் வீட்டிலும் கழிந்த மணி நேரங்களால் நேர்வது.

வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு எழுபத்தைந்து கிலோமீட்டரளவு. பெரிய இடம்தான் நல்லது என்று நேரே சென்னைக்கு வாடகைக் காரில் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். நம் ஊரிலேயே, அரசு தலைமை மருத்துவமனையானாலும் எங்களிடமானாலும், அருகில் உள்ள இடத்தில் முதல் சிகிச்சையைப் பெறுங்கள். சர்க்கரை, மூச்சு, உடல் சூடு மூன்றையும் சரிசெய்துவிட்டு அனுப்பும் குழந்தைக்கும், அப்படியே காரில் போகும் குழந்தைக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. பச்சிளம் குழந்தைகளுக்கென்றே கருவிகள் பொருத்திய வண்டிகளும் அதில் உள்ளன. அழைக்கும்போதே குழந்தையின் வயதை நாள் கணக்கில் சொல்லுங்கள். வண்டி வரும்வரை குழந்தை தாயின் மார்போடு இருக்கட்டும், தலையில் குல்லா இருக்கட்டும். நன்றாகச் சப்பிக் குடித்தால் தாய்ப்பால் கொடுக்கலாம். வலிப்பு வந்தாலோ மூச்சு வாங்கினாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பிரசவத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் அட்டையையும் பிக்மி எண் உள்ள தாய் சேய் அட்டையையும் ஒரே பையில் வைத்திருந்தால் இரவில் தேட வேண்டியிராது.

வைகாசி கருட சேவை அன்றும் பங்குனித் திருவிழாவின்போதும் நம் தெருக்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் அத்திவரதர் எழுந்தருளிய நாற்பத்தெட்டு நாளும் ஊரே மக்கள் வெள்ளமாக இருந்ததைப் பார்த்தோம். அத்தகைய நாளில், கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்காமல், பணியில் இருக்கும் காவலரிடம் பச்சைக் குழந்தை என்று ஒரு சொல் சொல்லுங்கள். கைக்குழந்தைக்கு வழி விடாத கூட்டத்தை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

பணம் பலரின் கால்களைக் கட்டிப்போடுகிறது. சேலைக் கூலி வர இன்னும் பத்து நாள் ஆகும் என்ற கவலையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் 2011இல் வந்தது. நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், போக்குவரத்து யாவும் இலவசம் என்கிறது அது. முதலில் முப்பது நாள் வரை என்றிருந்ததைப் பின்னர் ஒரு வயது வரை நீட்டினார்கள். கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் மடலில் இதை எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். குழந்தை எங்கேனும் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதே எனக்கு முக்கியம்.

உள்ளே வந்த பிறகு நடப்பவை பெற்றோருக்குக் கொடுமையாகத் தோன்றும். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், துணியைக் கழற்றுகிறார்கள், கையிலும் காலிலும் குத்துகிறார்கள், கதவை மூடிவிடுகிறார்கள். இரண்டு விஷயங்களில் மட்டும் உங்கள் அச்சத்தைப் போக்க விரும்புகிறேன். ஒன்று, இரத்தம் எடுப்பது. மூன்று கிலோ குழந்தையின் உடலில் ஏறத்தாழ 250 மில்லி இரத்தம் இருக்கும். முதல் பரிசோதனைகளுக்கு நாங்கள் எடுப்பது ஒன்றிரண்டு மில்லி. அதில் கிருமி வளர்கிறதா என்று அறிய இரண்டு நாளாவது ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால்தான் மருந்தை முதலிலேயே தொடங்குகிறோம். "என்ன நோய்னே தெரியாம மருந்து ஏத்துறாங்க" என்று வெளியே பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். தெரிந்த பிறகு ஏற்றலாம் என்றிருந்தால் பல குழந்தைகள் நம்மிடம் இருக்க மாட்டார்கள்.

மற்றொன்று, முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது. நடக்க முடியாமல் போய்விடும் என்று அஞ்சிக் கையெழுத்துப் போட மறுப்பவர்கள் அதிகம். மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று அறியவே அதைச் செய்கிறோம். தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் ஊசி செல்கிறது. மூளைக்காய்ச்சல் இருந்தால் மருந்தின் அளவும் கொடுக்கும் நாள்களும் மாறும். அது தெரியாமல் பாதி மருத்துவம் செய்வதுதான் குழந்தையின் கை கால்களுக்கும் செவிக்கும் ஆபத்து. படிவத்தை நீட்டிக் கையெழுத்து மட்டும் கேட்கும் மருத்துவரிடம், அமர்ந்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கதவுக்கு வெளியே இன்னொரு நோயாளி இருக்கிறார். அவரை யாரும் பார்ப்பதில்லை. பிரசவித்து ஒரு வாரம்கூட ஆகாத, தையல் ஆறாத, மார்பில் பால் கட்டிக்கொண்ட தாய், நடைபாதையின் இரும்பு நாற்காலியில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். குழந்தையைக் கண்ணால் பார்க்க ஒரு நாளைக்கு இரண்டு முறை அனுமதி என்று பல இடங்களில் எழுதி ஒட்டியிருக்கிறது. என் கருத்தில் இந்த அறிவிப்புப் பலகைகளைக் கழற்றும் காலம் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. ஒரு கிலோவுக்கு மேல் 1.8 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளைப் பிறந்த உடனிருந்தே தாயின் மார்போடு வைத்துப் பராமரித்தபோது, வழக்கமான முறையில் 15.7 விழுக்காடாக இருந்த இறப்பு 12 விழுக்காடாகக் குறைந்தது. அதற்காகத் தாயின் படுக்கையையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். எந்த விலையுயர்ந்த கருவியும் எளிதில் தராத பலன் இது. அது எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கான ஆய்வுதான். இருந்தாலும், தாயை வெளியே நிறுத்துவது தூய்மைக்காக என்று நாம் சொல்லிவந்த காரணம் அதோடு வலுவிழந்துவிட்டது.

தாயை உள்ளே விடுவது ஒருபுறம். அவர் சொல்வதைக் கேட்பது அதைவிடக் கடினம் போலும். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி மிதிவண்டியிலிருந்து விழுந்து கணையத்தில் காயம்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தாள். கிருமித்தொற்று ஏற்பட்டு, 2021 ஆகஸ்டில் இறந்தாள். மகளின் நிலை மோசமாகிறது என்று பெற்றோர் திரும்பத் திரும்பச் சொன்னதை மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை. தாய் மெரோப் மில்ஸ் அதைப் பொதுவெளியில் எழுதினார், போராடினார். அதன் விளைவாக 2024 முதல் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் 'மார்த்தா விதி' நடைமுறைக்கு வரத் தொடங்கியது. குழந்தையின் நிலை சரியில்லை என்று குடும்பத்தார் கருதினால், சிகிச்சை செய்யும் குழுவைத் தாண்டி மற்றொரு குழுவை உடனே வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

நமக்கும் இப்படி ஒன்று தேவை. சட்டமாக வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. "என்னன்னு சொல்லத் தெரியல, ஆனா புள்ள நேத்து மாதிரி இல்ல" என்று ஒரு தாய் சொன்னால், அந்த வாக்கியத்தை மூச்சின் எண்ணிக்கைக்கும் உடல் சூட்டுக்கும் பக்கத்தில் ஓர் அறிகுறியாகவே நோயாளிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று என் இளம் மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறேன். சிலர் சிரித்தார்கள். எழுதுகிறார்கள்.

இரவுப் பணியில் இருக்கும் மருத்துவரின் களைப்பு எனக்குத் தெரியாததன்று. இருபத்து நான்கு மணி நேரம் நின்ற கால்களோடு, விக்கலுக்காக வந்தவரிடம் புன்னகைப்பது எளிதன்று. அவர்களின் பணி நேரத்தைக் குறைக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்தக் களைப்பின் விலையைக் குழந்தை கொடுக்கக் கூடாது.

பிள்ளையார்பாளையத்துத் தாய் சென்ற மாதம் நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்குக் குழந்தையை அழைத்து வந்தார். பாட்டியும் வந்திருந்தார். குழந்தை நன்றாக எடை கூடியிருந்தாள். அன்றிரவு வந்ததற்குப் பிறகு மீண்டும் ஒருமுறை, இருபதாம் நாள், மலம் தண்ணீராகப் போகிறது என்று வர நினைத்ததாகவும், பாட்டி வேண்டாம் என்றதாகவும் அவர் சொன்னார். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது இயல்புதான். பாட்டி சொன்னது சரியே. அவரிடம் அதைச் சொல்லிவிட்டு, "இருந்தாலும் வந்திருக்கலாம்மா" என்றேன். பாட்டி என்னைச் சற்றுக் கோபமாகவே பார்த்தார்.

நம் மருத்துவமனையில் இருபத்தெட்டு நாளுக்கு உட்பட்ட குழந்தையோடு வருகிறவர்கள் இனி டோக்கன் வாங்க வேண்டியதில்லை, பதிவு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இரவில் பக்கவாட்டுக் கதவு பூட்டியிருந்தால் மணியை அழுத்துங்கள். காவலரிடம் குழந்தைக்கு எத்தனை நாள் என்று சொன்னால் போதும். பதிவும் பணமும் பிறகு. முதலில் செவிலியர் குழந்தையை வெப்ப விளக்கின் கீழ் வைப்பார், தாய்க்கு அதன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம்.